ஆள் இல்லாத மலை ரோடு

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். இப்போதே வாங்கிவிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா? கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் பதினான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப், பிரிண்டர், கேம் ஆடுகிற பிள்ளைகள் கேட்கும் கிராபிக்ஸ் கார்டு, எதுவானாலும் இந்தக் கேள்வி இல்லாமல் வியாபாரம் முடியாது. ஆறு மாதம் போனால் புது மாடல் வருமாமே என்பார்கள். வரும். அடுத்த ஆறு மாதத்தில் அதற்கும் மேலே ஒன்று வரும். இப்படியே பொறுத்தால் கடைசியில் கட்டையில்தான் போக வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். நிர்மலா மேடத்துக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

சின்னக்கண்ணு அண்ணனும் எட்டு மாதம் இதையேதான் கேட்டார். ஆனால் அவர் தள்ளிப்போட்டது விலைக்காக இல்லை. புதுக் கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் அவர் கம்ப்யூட்டர் கேமில் பஸ் ஓட்டுகிற ரோட்டில் ஆட்கள் தெரிவார்கள். அதைப் பார்க்கலாமா வேண்டாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இது எனக்குப் புரியவும் அதே எட்டு மாதம் ஆனது. அதுவரை ஆளைச் சரியான கஞ்சன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஊர் வடக்கனந்தல். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டப் போனவர்கள். இவர் பதினேழு வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனார். இருபத்தைந்தில் டிரைவரானார். பிறகு பத்தொன்பது வருஷம், கச்சிராயபாளையத்துக்கும் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கும் போய்வரும் ஒரு தனியார் மினி பஸ்ஸை ஓட்டினார். அந்த வீட்டில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி சாயங்காலம், மலையிலிருந்து இறங்கும்போது ஒரு அம்மா அவர் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனார். கேஸ் நடந்தது. பனி மூட்டம், யார்மேலும் தப்பில்லை என்று விடுதலை ஆனார். அதன் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஸ்டியரிங் முன்னால் உட்காரவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் திறந்து மூடுகிற வேலை. இவ்வளவும் ஊரறிந்த கதை, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

போன ஜூன் மாதம் மொபெட்டின் முன்னால் ஒரு பெட்டியைக் கோணிப்பை சுற்றி வைத்துக்கொண்டு வந்தார். மகள் ஷாலினி காலேஜில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அவள் இப்போது ஓசூரில் வேலைக்குப் போகிறாள், பெட்டி இவரிடம் தங்கிவிட்டது. திறந்து பார்த்தால் ஃபேனில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. தூசியை ஊதி, பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, ஓட்டிப் பாருங்கள் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு கேம், பஸ் ஓட்டுவது.

சின்னசேலத்தில் ஆகாஷ் என்று ஒரு இன்ஜினியர் இருக்கிறான், என் வாடிக்கைக்காரன். அந்த பஸ் கேமுக்குள் ஓட்டுவதற்கு நம் பக்கத்து ரோடுகளை அப்படியே செய்து இணையத்தில் இலவசமாக விடுவான். மேப் என்பார்கள். பைக்கில் போய் வளைவு வளைவாக வீடியோ எடுத்து, அளந்து செய்வான். அவன் செய்த வெள்ளிமலை ரோட்டைத்தான் இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளிமலையில் கிளம்பி, காட்டுக்குள் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வந்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மேலிருந்து நாலாவது வளைவில் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே ரோட்டோரம் யானை படுத்தாற்போல ஒரு பாறை. அதைத் தாண்டிய பிறகு பழைய வேகம்.

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிரில் வண்டி இல்லை, நிறுத்தத்தில் ஆள் இல்லை. மரங்கள்கூட பஸ் கிட்டே போன பிறகுதான் முளைத்தன. காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பழைய கார்டுக்கு அவ்வளவுதான் திராணி. செட்டிங்ஸில் எல்லாவற்றையும் குறைத்து, ஆட்களை மொத்தமாக நிறுத்தினால்தான் கேம் ஓடும்.

"கார்ட மாத்துங்கண்ணா," என்றேன். "ஆகாஷ் இப்ப புது மேப்பு விட்டிருக்கான். ஆளுங்க, ஆடு மாடு, பனி மூட்டம் எல்லாம் வருது. தூரத்துல இருக்கறதும் பளிச்சுனு தெரியும்."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"தூரத்துலயே தெரியுங்களா?"

"தெரியும்."

"ஆளுங்ககூட?"

"ஆளுங்கதான் மொதல்ல தெரிவாங்க."

"இப்ப வாங்கலாமா, இன்னும் ரேட்டு எறங்குமா?" என்று கேட்டார். அதுதான் முதல் தடவை.

மறுநாளே ஓசூரிலிருந்து ஷாலினி போன் செய்தாள். "மேடம், எங்கப்பாவுக்கு எது வேணுமோ அதப் போட்டுக் குடுங்க, பணம் இப்பவே அனுப்பிடறேன். வூட்ல யாருகிட்டயும் அவரு பேசறதே இல்ல. எங்கம்மா சாப்ட கூப்டா வர்றாரு, சாப்டறாரு, எழுந்து போய்டறாரு. அந்த பஸ்ஸ ஓட்டறப்ப ஹாரன் அடிக்கிறாரு பாருங்க, அது ஒண்ணுதான் அவருகிட்டேர்ந்து வர்ற சத்தம்," என்றாள். சொன்ன மாதிரியே அனுப்பியும் விட்டாள்.

ஆக, பணம் என்னிடம் இருந்தது. கார்டு அலமாரியில் இருந்தது. ஆள் மட்டும் வாங்கவில்லை. மாதா மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வருவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அலமாரியில் அந்த டப்பா இருக்கிறதா என்று பார்ப்பார். ரேட்டு எறங்குச்சுங்களா என்பார். இல்லை என்றால் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். முகத்தில் ஏமாற்றமும் இருக்காது, எரிச்சலும் இருக்காது. சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரிதான் எனக்கு இருக்கும். ஆடிக்குத் தள்ளுபடி வரும் என்றார். வந்தது, தீபாவளிக்கு இன்னும் குறையும் என்றார். தீபாவளிக்கு அப்புறம் விலை குறைவதை விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தது. உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் சிப்பையெல்லாம் ஏஐ கம்பெனிகள் வாரிக்கொண்டு போகின்றன, இனிமேல் ஏற்றம்தான் என்று மொத்த வியாபாரிகள் சொன்னார்கள். அதை அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாங்க," என்றார். ஏறுகிற விலைக்குக் காத்திருக்கிற மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பணம் கட்டி ஏழு மாசம் ஆவுது. நீங்க வாங்க வர்றீங்களா, இல்ல வேடிக்கை பாக்க வர்றீங்களா? அந்த டப்பாவுல இன்னா பாம்பா இருக்குது?"

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரிங்க மேடம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னது சரிதான் என்று சாதித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் வந்தார். இந்தத் தடவை பெட்டியோடு வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன்.

"மேடம், கண்ணு டெஸ்ட்டு பண்ற எழுத்து போர்டு பாத்துகிறீங்களா?"

"பாத்திருக்கேன்."

"ப, ம, ட, ர, ய, க," என்றார். "கடைசி வரி. எனக்கு அது மனப்பாடங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கேட்டில் வந்துபோகும் வேன் நம்பரை ஒப்பிக்கிற குரல்தான்.

"லைசென்சு ரெனியூவலுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணுங்க. உள்ள போய்ட்டு வர்றவன், வரிசையில நிக்கிறவன் காதுல கடைசி வரியச் சொல்லிட்டுப் போவான். எங்க ஆளுங்க நெறைய பேரு அத தெரிஞ்சி வெச்சிக்கினுதான் உள்ளயே போவாங்க. நான் ரெண்டு வாட்டி அப்டித்தான் வாங்கனேன். மூணாவது வரிக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் பூசன மாதிரி இருந்துது."

"ஒரு கண்ணாடி போட்டிருந்தா முடிஞ்சிதேண்ணா. கண்ணாடி போட்டுக்கினு வண்டி ஓட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"கண்ணாடி போட்ட டிரைவருக்கு மலை வண்டி குடுக்க மாட்டாங்கன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. மொதலாளி சொன்னாரான்னு கேட்டா, சொல்லல. நானும் கேக்கல. கேட்டா கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சிடும் இல்லீங்களா. பத்தொம்பது வருசம் ஓட்டன ரோடு, கண்ண மூடிக்கினே ஓட்டுவேன்னு நெனச்சிக்கினேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுப்புச் சட்டம், சாதாரணக் கண்ணாடி.

"இது கேஸு முடிஞ்ச பெறகு வாங்கனது. எழுநூறு ரூபா."

அதை மடக்கி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்தம்மா பேரு கொளஞ்சியம்மாள். கடுக்கா மூட்டைய தலையில வெச்சிக்கினு ஓரமா வந்துருக்காங்க. நாலாவது வளைவு, பாறைய தாண்டி. எனக்கு வண்டியில மோதன சத்தந்தான் தெரியும். ஆள நான் பாக்கவே இல்ல. கோர்ட்டுல எங்க வக்கீலு சொன்னாரு, அந்த மூட்டத்துல யாரா இருந்தாலும் பாத்திருக்க முடியாதுன்னு. ஜட்ஜி அத ஒத்துக்கினாரு. நானும் அந்த ஒரு பேச்சத்தான் புடிச்சிக்கினு இருக்கறேன். யாரா இருந்தாலும்னுதான சொன்னாரு. கண்ணு நல்லா இருக்கறவனுக்கும் தெரிஞ்சிருக்காது, அப்டித்தானங்க அர்த்தம்?"

எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எழுநூறு ரூபாய்க் கண்ணாடிக்கு ஒரு பொம்பளை செத்திருக்கிறாள், இவர் எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார். என் மாமியார் ஊர் வெள்ளிமலைக்குப் போகிற வழிதான். அந்த பஸ்ஸில் நானே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் அவரை நாலு பேர் முன்னால் திட்டியதும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது.

"புது கார்டு போட்டா தூரத்துலயே தெரியும்னு சொன்னீங்க," என்றார். "அந்த வளைவுல ஆள் தெரியலன்னா ஒண்ணும் இல்ல. வக்கீலு சொன்னது சொன்னதுதான். தெரிஞ்சிதுன்னா அந்தப் பேச்சும் போச்சிங்க. அதான் இத்தினி நாளா ரேட்டு கேட்டுக்கினு இருந்தேன்."

பதினான்கு வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

"இப்ப வேணாம்ணா. பொறுத்து வாங்கிக்கலாம். பணத்த ஷாலினிக்கே திருப்பி அனுப்பிடறேன். இது கேமுண்ணா. வெளிச்சம், மூட்டம் எல்லாம் ஆகாஷ் அவன் இஷ்டத்துக்கு வெச்சது. இதப் பாத்து நெஜத்த முடிவு பண்ண முடியுமா?"

"அந்தத் தம்பி அளந்து பண்ணிக்கிறாருங்க. பாற இருக்கற எடத்துல பாற இருக்குது. ரோடு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் சாயுது. எனக்குத் தெரியாதா அந்த எடம்?" என்றார். கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "முன்ன மாதிரி ஆள் இல்லாத ரோட்டயும் இப்ப ஓட்ட முடியலங்க. ஒரு வாரமா மூணாவது வளைவுலயே நிறுத்தி ஆஃப் பண்ணிடறேன். போடுங்க மேடம்."

போட்டேன். பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற பழைய எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்குத் தாங்காது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் திருகாணி முடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். நடுவில் மனசு மாறுவார் என்று பார்த்தேன். மாறவில்லை.

ஆகாஷின் புது மேப்பை இறக்கினேன். கேமில் நேரம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஆறுக்குப் பத்து நிமிசம். மூட்டம் போடுங்க. ஜாஸ்தியா போடுங்க."

ஜாஸ்தியாகவே போட்டேன். செட்டிங்ஸில் மூட்டத்துக்கு இருக்கிற அளவுகோலைக் கடைசி வரை தள்ளினேன். எதுவும் தெரியக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் தள்ளினேன். கோபம் போகவில்லை, ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிமலை நிறுத்தத்தில் பஸ் நின்றது. இந்தத் தடவை அங்கே ஆட்கள் இருந்தார்கள். கம்பளி போர்த்திய ஒரு கிழவர், டீக்கடை முன்னால் இரண்டு பேர், ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெண். அவர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு தடவை ஹாரன், முதல் வளைவு. மூட்டம் வெள்ளையாக பஸ்ஸின் முன்கண்ணாடியில் மோதியது. ரோடு கொஞ்ச தூரத்துக்கு மேல் தெரியவில்லை, எனக்கு ஒரு தைரியம் வந்தது. இரண்டாவது வளைவில் எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறியது. ஒதுங்கி வழி விட்டார். மூன்றாவது வளைவும் போனது.

நாலாவது வளைவில் பாறை வந்தது. பாறை முழுதாகத் தெரிவதற்கு முன்னாலேயே அதற்கு அப்பால் ஓர் உருவம் தெரிந்தது. இடது ஓரத்தில், மங்கின சிவப்புப் புடவையில், தலையில் மூட்டையோடு ஒரு பெண். அங்கே ஒரு குக்கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதை பிரிகிறது. ஆட்கள் இறங்கி வருகிற இடம் என்று ஆகாஷ் அங்கே ஓர் ஆளை வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவர் பார்த்த அதே நொடியில் நானும் பார்த்தேன்.

பிரேக் போட்டார். பஸ் பாறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இன்னும் நாலைந்து பஸ் நிறுத்துகிற அளவு இடம் இருந்தது.

"அது பொம்மைண்ணா," என்றேன். "நவராது. தாண்டிப் போங்க."

அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். ஸ்டூலை விட்டு எழுந்தார். நேராக நடந்து கடை வாசலுக்குப் போய், கதவில் முதுகு படும்படி திரும்பி நின்றார். அங்கிருந்து திரைக்குப் பன்னிரண்டடி இருக்கும். கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் சொன்ன மாதிரி ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார், அப்புறம் அடுத்த கண்.

"தெரியல மேடம்," என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். நான் திரையை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தில் அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. மாதா மாதம் விலை கேட்க வருகிற அதே முகம். எனக்குத்தான் கண் கலங்கியது. அவருக்காகவா, அந்தக் கொளஞ்சியம்மாளுக்காகவா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"மூட்டத்தக் கொறச்சி வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. முழுசா வெச்சேன்."

திரையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஏதோ ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் கதவோடு சாய்ந்தபடியே அந்தச் சிவப்புப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரா இருந்தாலும் பாத்திருப்பாங்க மேடம்," என்றார்.